சாக்ஸ்-ஜிம் ஆந்தைகள்: ஒரு குளிர்காலம் கொட்டுகிறது, அடுத்தது காய்கிறது, ஏன்?

அமெரிக்காவின் வடக்கு மாநிலமான மின்னசோட்டாவில் இருக்கும் நம்மவர்களிடம் ஜனவரி மாதம் பறவை பார்க்க வடக்கே போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பறவையெல்லாம் குளிருக்குப் பயந்து தெற்கே கிளம்பிவிட்ட பிறகு இவன் எதிர்த்திசையில் எதற்குப் போகிறான் என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் விமானம் ஏறி, வாடகைக் கார் எடுத்து, மைனஸ் 30 டிகிரி செல்சியஸில் மூக்கு உறைய உறைய நின்று பறவை பார்ப்பதற்கென்றே ஆட்கள் வரும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. கோடையில் வருபவர்களைவிடக் குளிர்காலத்தில் வருபவர்களே அதிகம்.

சாக்ஸ்-ஜிம் பாக் என்று பெயர், பாக் என்றால் சதுப்பு. டுலூத் நகரத்திலிருந்து வடமேற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம், மினியாபோலிஸிலிருந்து என்றால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரயில் பாதையில் சாக்ஸ் என்றும் ஜிம் என்றும் இரண்டு நிறுத்தங்கள் இருந்தன, அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. பரப்பளவு சுமார் 300 சதுர மைல். சரணாலயம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். நுழைவாயில் இல்லை, டிக்கெட் இல்லை, வேலி இல்லை. அரசு நிலம், கவுண்டி நிலம், தனியார் வைக்கோல் வயல், நடுவில் நாலு வீடு, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக ஓடும் மண்சாலைகள், அவ்வளவுதான். 2014இல் ஃபிரெண்ட்ஸ் ஆஃப் சாக்ஸ்-ஜிம் பாக் என்ற தன்னார்வ அமைப்பு ஒரு வரவேற்பு மையம் கட்டியது. அது இருக்கும் சாலையின் பெயரே ஔல் அவென்யூ, அதாவது ஆந்தைச் சாலை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சாலைப் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

போய்வந்தவர்களிடம் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "ஆந்தை கிடைத்ததா?" சில வருடம் ஒரே காலையில் ஏழெட்டு ஆந்தைகளைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், சில வருடம் இரண்டு நாள் சுற்றியும் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தச் சதுப்பில் எந்தப் பறவை எங்கே உட்கார்ந்திருக்கிறது, ஏன் இந்த வருடம் வந்தது, ஏன் அடுத்த வருடம் வராது என்பதையெல்லாம் துருவிக்கொண்டே போனால் கடைசியில் சாப்பாட்டில்தான் போய் நிற்கும். குளிரைப் பற்றி இந்தப் பறவைகளுக்குப் பெரிய கவலை கிடையாது. வயிறு நிறைந்தால் மைனஸ் 40இலும் சும்மா உட்கார்ந்திருக்கும்.

முதலில் நிலம். பனியுகம் முடிந்தபோது உருகிய பனிப்பாறைத் தண்ணீர் இங்கே அப்ஹாம் ஏரி என்று ஒரு பெரிய ஏரியாகத் தேங்கியது. ஏரி வடிந்துபோனாலும் அதன் அடிமட்டம் தட்டையாக, களிமண்ணாக, தண்ணீர் போக வழியில்லாமல் அப்படியே இருந்துவிட்டது. அதில் ஸ்ஃபேக்னம் பாசி வளர்ந்தது. இந்தப் பாசி தண்ணீரைப் புளிப்பாக்கிவிடும். அடியில் பிராணவாயுவும் இல்லாததால் செத்த செடிகள் மக்குவதில்லை, அடுக்கடுக்காகப் படிந்து பீட் என்ற கருமண் மெத்தையாகிவிடுகிறது, அதுவும் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற மாதிரியான வேகத்தில். சத்தே இல்லாத இந்த மெத்தையில் கருப்பு ஸ்ப்ரூஸும் டமராக்கும்தான் பிழைக்கும். மணிக்கட்டு தடிமன்கூட இல்லாத ஸ்ப்ரூஸ் மரத்துக்கு நூறு வயது இருக்கலாம். டமராக் ஊசியிலை மரம்தான், ஆனாலும் அக்டோபரில் மஞ்சளாகி இலையெல்லாம் கொட்டிவிடும். முதல்தடவை குளிர்காலத்தில் பார்ப்பவர்கள் காடே பட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை வயலாக்கிவிடலாம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். வடக்கு மின்னசோட்டா முழுக்கவே அப்போது அந்த ஆசை இருந்தது. மைல் கணக்கில் நேர்நேராகக் கால்வாய் வெட்டி, தோண்டிய மண்ணைப் பக்கத்திலேயே கொட்டிச் சாலை போட்டு, குடியேறுபவர்களுக்கு நிலத்தை விற்றார்கள். தண்ணீர் கால்வாயை ஒட்டிக் கொஞ்ச தூரத்துக்குத்தான் வடிந்தது, அதற்கப்பால் பாசி பஞ்சாக உறிஞ்சிவைத்த நீர் அசையவே இல்லை. கோடைக்காலமும் குறுகியது, எந்த மாதத்தில் உறைபனி விழும் என்று சொல்ல முடியாது. வரி கட்ட முடியாமல் பலர் விட்டுவிட்டுப் போக, நிலம் திரும்ப அரசு கைக்கு வந்தது. கொஞ்சம் மேடான இடங்களில் மட்டும் வைக்கோல் வயல்கள் நிலைத்தன.

இந்தத் தோல்விதான் பறவைக்காரர்களுக்கு லாபமாகிப்போனது. சதுப்புக்காடும் புல்வெளியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு மாறிமாறி வருகின்றன. புல்லுக்கடியில் வோல் எனப்படும் குட்டைவால் எலிகள் கொழிக்கின்றன, வயலோரத்து ஸ்ப்ரூஸ் நுனி ஆந்தைக்கு உட்கார்ந்து கவனிக்க வசதியான இடம். அப்புறம் அந்தக் கால்வாய்ச் சாலைகள் வேறு, அவை இல்லாவிட்டால் மனிதர் யாரும் உள்ளே போயிருக்கவே முடியாது.

எல்லாரும் தேடி வரும் கிரேட் கிரே ஆந்தை வட அமெரிக்காவின் மிக உயரமான ஆந்தை. இரண்டரை அடி நீளம், சிறகை விரித்தால் ஏறக்குறைய ஐந்து அடி. பார்க்க மலைபோல் இருக்கும், தூக்கிப் பார்த்தால் ஒரு நாட்டுக்கோழி எடை, ஒன்று ஒன்றரை கிலோ தேறும். மீதியெல்லாம் இறகு. அந்த இறகுதான் கம்பளி. அதைவிடச் சிறிதாகத் தெரியும் பனி ஆந்தை, கொம்பு ஆந்தை இரண்டுமே எடையில் இதை மிஞ்சும். அவை முயலையும் வாத்தையும் அடிக்கின்றன, இதற்கோ பெரும்பாலும் வோல் எலி மட்டுமே போதும்.

அந்த எலி கிடைப்பது எங்கே? இரண்டு அடி பனிக்கடியில். பனியின் அடிமட்டத்தில் எலிகள் சுரங்கம் வெட்டி, புல்லைக் கடித்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க வெளியே தலைகாட்டாமல் வாழ்கின்றன. ஆந்தை மரத்தில் உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் கேட்கிறது. அதன் இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று மேலே ஒன்று கீழே, அதனால் சத்தம் வரும் உயரமும் திசையும் சேர்ந்தே பிடிபடும். தட்டு மாதிரி இருக்கும் முகம் சத்தத்தைக் குவித்துக் காதுக்கு அனுப்புகிறது. பிறகு பறந்து வந்து இடத்துக்கு நேர்மேலே ஒரு கணம் நின்று சிறகடிக்கும், சட்டென்று தலைகுப்புற இறங்கும், கடைசி நொடியில் கால்கள் முன்னால் நீண்டு பனியைக் குத்தும். வெள்ளைப் பரப்பில் சிறகு பதிந்த தடம் மட்டும் விசிறியாகக் கிடக்கும்.

அந்த ஒரு கணம் ஏன் நிற்கிறது என்பதற்கு 2022இல் ஓர் அழகான ஆராய்ச்சி வந்தது. கனடாவின் மனிடோபாவில், ஆந்தைகள் இறங்கிய பனிக்குழிகளுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கியைப் புதைத்து, மேலே மைக்ரோஃபோன் வரிசையை வைத்து அளந்தார்கள். பனி உயர்ந்த சுருதிச் சத்தங்களை விழுங்கிவிடுகிறது, தாழ்ந்த சுருதி மட்டும்தான் வெளியே வருகிறது. இந்த ஆந்தையின் பெரிய முகவட்டம் அதைப் பிடிக்கத் தோதானது. இன்னொன்று, பனியிலிருந்து காற்றுக்கு வரும்போது சத்தம் வளைகிறது, அதனால் பக்கவாட்டிலிருந்து கேட்டால் எலி வேறு இடத்தில் இருப்பதுபோல் தோன்றும், ஒரு வகைக் கானல் சத்தம். நேர்மேலே வந்துவிட்டால் அந்த வளைவு கிடையாது. நான் பல வருடங்களாக அந்த நிற்பதை ஆந்தை யோசிக்கிறது என்று எடுத்துக்கொண்டு ரசித்தவன். இப்போது அது கணக்குச் சரிபார்க்கிறது என்று தெரிந்து ரசிக்கிறேன்.

ஆள் நின்றால் தாங்குகிற அளவு கெட்டியான பனியோட்டைக்கூட இந்த ஆந்தை உடைத்துவிடும் என்று பதிவுகள் இருக்கின்றன. ஆனாலும் குளிர்கால நடுவில் மழை பெய்து, அது உறைந்து, மேலே மறுபடி பனி விழுந்து, மறுபடி மழை என்று அடுக்கானால் அதற்கும் சிரமம்தான்.

இனி அந்த வருடக் கணக்கு. வடக்கே கனடாவின் காடுகளில் வோல் எலிகளின் எண்ணிக்கை மூன்று முதல் ஐந்து வருடச் சுழற்சியில் ஏறி இறங்கும். பெருகும் வருடத்தில் ஆந்தைகள் வயிறாரத் தின்று நிறையக் குஞ்சு பொரிக்கின்றன, எலி சரியும் வருடத்தில் இருந்த இடத்தில் பட்டினி, தெற்கே கிளம்புகின்றன. இதைப் படையெடுப்பு என்று சொல்வதுண்டு. 2004-05 குளிர்காலத்தில் மின்னசோட்டாவில் மட்டும் 5,000க்கும் மேற்பட்ட கிரேட் கிரே ஆந்தைகள் கணக்கில் வந்தன. சாலையோரக் கம்பத்துக்கு ஒன்று என்ற மாதிரி உட்கார்ந்திருந்தன. பார்த்தவர்களுக்குத் திருவிழா. ஆந்தைகளுக்கு இல்லை, கார் மோதி நூற்றுக்கணக்கில் செத்தன. சாலையோரப் பள்ளத்துப் புல்லில் எலி அதிகம், தாழப் பறந்து கடக்கும் பழக்கம், வரும் வண்டியைக் கவனிக்காத குணம், மூன்றும் சேர்ந்துகொண்டன.

இங்கே ஒரு குழப்பம் வரும். பனி ஆந்தைகளும் சில குளிர்காலங்களில் கூட்டமாகத் தெற்கே வரும், 2013-14இல் அமெரிக்காவின் கிழக்கே பெரிய அளவில் வந்தன. அதையும் பசி என்றுதான் செய்திகளில் எழுதினார்கள். பிடித்துப் பரிசோதித்தபோது பல பறவைகள் நல்ல உடம்போடு இருந்தன. ஆர்க்டிக்கில் லெம்மிங் எலிகள் பெருகி, கூட்டுக்குக் கூடு குஞ்சுகள் தப்பிப் பிழைத்து, அந்த இளவட்டங்கள்தான் இடம் தேடிப் பரவின. ஒன்று பஞ்சத்தில் வருகிறது, மற்றது சுபிட்சத்தில் வருகிறது, வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு இரண்டும் ஒரே கூட்டமாகத் தெரிகிறது. "ஆந்தை நிறைய வந்திருக்கிறது" என்ற செய்தியை மட்டும் வைத்து வடக்கே நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது.

குருவி வகையறாவுக்கும் இதே கதைதான், எலிக்குப் பதில் விதை. ஸ்ப்ரூஸ் காய்த்தால் கிராஸ்பில் வரும், பிர்ச் விதை வடக்கே பொய்த்தால் ரெட்போல் இறங்கும், மவுண்டன் ஆஷ் மரத்தின் பழம் குறைந்தால் பைன் குரோஸ்பீக். ஒண்டாரியோவில் ரான் பிட்டவே என்பவர் 1999 முதல் வருடா வருடம் இலையுதிர் காலத்தில் காட்டின் காய்ப்பை விசாரித்து, எந்தக் குருவி எந்தப் பக்கம் வரும் என்று ஆரூடம் மாதிரி அறிக்கை விட ஆரம்பித்தார். இப்போது டைலர் ஹோர் அதைத் தொடர்கிறார். பயணத்துக்கு விடுப்பு எடுப்பதற்கு முன் அதைப் படித்துவிடுவது புத்திசாலித்தனம். (ரெட்போலில் இரண்டு இனம் பார்த்தேன் என்று பட்டியலில் குறித்து வைத்திருந்தவர்களுக்கு 2024இல் ஓர் இடி விழுந்தது, எல்லாவற்றையும் ஒரே இனமாக்கிவிட்டார்கள்.)

எங்கும் போகாமல் இங்கேயே கிடக்கும் பறவைகளில் எனக்குப் பிடித்தது கனடா ஜே. பயம் கிடையாது, கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் பூச்சி, பழம், இறைச்சித் துணுக்கு என்று கிடைத்ததையெல்லாம் எச்சிலால் ஒட்டி மரப்பட்டை இடுக்குகளில் ஆயிரக்கணக்கான இடங்களில் ஒளித்துவைக்கும், அதை நினைவில் வைத்துத் தேடி எடுக்கும். பிப்ரவரி, மார்ச் பனியிலேயே கூடு கட்டுகிறது என்றால் அந்தச் சேமிப்பை நம்பித்தான். ஒண்டாரியோவின் அல்கோன்குவின் பூங்காவில் பல பத்தாண்டுகளாக இதைக் கவனித்துவருபவர்கள் கண்டது, இலையுதிர் காலம் சூடாகி, உறைந்தது உருகி மறுபடி உறைந்தால் சேமிப்பு கெட்டுப்போகிறது, குஞ்சுகள் குறைகின்றன. குளிர்சாதனப் பெட்டியை நம்பிக் குடும்பம் நடத்தும் பறவைக்கு மின்வெட்டு வந்த கதை.

சூட்டின் இன்னொரு கைவரிசை டமராக் மரங்களில். கிழக்கத்திய லார்ச் வண்டு இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் மின்னசோட்டாவில் பரவ ஆரம்பித்தது, இன்றுவரை நிற்கவில்லை, லட்சக்கணக்கான ஏக்கர் டமராக் அடிபட்டிருக்கிறது. வெப்பமான பருவம் நீண்டதால் ஒரே வருடத்தில் கூடுதலாக ஒரு தலைமுறை வண்டு தலையெடுக்க முடிகிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். இதில் வேடிக்கை, பட்டுப்போகும் மரங்களைத் தேடி கருமுதுகு மரங்கொத்தி வருகிறது. பட்டையைச் செதில்செதிலாக உரித்துப் புழுவை எடுக்கும், உரித்த மரம் செம்பழுப்பாகத் தெரியும், பனியில் பட்டைத் துகள் சிதறிக் கிடக்கும். அதைப் பார்த்தால் காரை நிறுத்தி ஜன்னலை இறக்கிக் காது கொடுங்கள். இன்றைக்கு மரங்கொத்திக்கு விருந்து, முப்பது வருடம் கழித்து அங்கே என்ன மரம் நிற்கும் என்பது தனி விஷயம்.

சாப்பாடு பற்றிப் பேசும்போது நாம் போடும் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. சாலையோரமாகச் சில இடங்களில் பறவைகளுக்குத் தீனி வைக்கும் ஃபீடர்கள் உண்டு: சூரியகாந்தி விதை, கொழுப்புக் கட்டி, கிளையில் தடவிய நிலக்கடலை வெண்ணெய், கார் மோதிச் செத்த மானின் விலா எலும்புக்கூடு. கடைசியாகச் சொன்னது முதலில் பார்க்கும்போது முகம் சுளிக்கவைக்கும். ஆனால் அந்த விலா எலும்புக்குள் நுழைந்து நுழைந்து சிக்கடி என்ற குட்டிக் குருவிகள் கொழுப்பைக் கொத்துவதையும், கிளையில் தடவிய வெண்ணெய்க்குப் பழுப்புத் தலை போரியல் சிக்கடி வந்துபோவதையும் ஐந்து நிமிடம் பார்த்தால் சுளிப்பு போய்விடும். மதியம்போல பைன் மார்ட்டன் என்ற மரநாய் வகைப் பிராணியும் வரக்கூடும். ஓநாயும் மூஸ் என்ற பெரிய மானும் இருக்கின்றன, தடம்தான் கிடைக்கும், ஆள் கிடைப்பது அபூர்வம்.

ஃபீடருக்கு யாரும் சண்டை போடுவதில்லை. சண்டை வருவது எலிக்கு. செல்லப் பிராணிக் கடையில் வெள்ளெலி வாங்கி வந்து பனியில் விட்டு, ஆந்தை பாய்ந்து வரும்போது கேமராவை முழங்கவிடும் புகைப்படக்காரர்கள் உண்டு. ஆந்தை நேராக உங்களைப் பார்த்துச் சிறகு விரித்து வரும் படங்களில் கணிசமானவை இப்படி எடுத்தவைதான். கேட்டால், "நீங்கள் விதை போடலாம், மான் மாட்டலாம், நான் எலி போடக்கூடாதா?" என்பார்கள். பாதி நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஃபீடர் நிரந்தரமாக ஓர் இடத்தில் இருக்கிறது, எலி வீசுபவர் காரை விட்டு ரொம்பத் தூரம் போவதில்லை. கார் நின்றால் சாப்பாடு வரும் என்று ஆந்தை கற்றுக்கொண்டால் அது அடுத்த காரின் முன்னாலும் இறங்கும். 2004-05இல் செத்ததெல்லாம் சாலையில்தானே. அதனால் நான் அந்தப் படங்களுக்கு லைக் போடுவதில்லை, சண்டைக்கும் போவதில்லை.

இடத்தைச் சொல்வதா வேண்டாமா என்பதும் இதை ஒட்டியதுதான். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் ஈபேர்ட் தளம் சில ஆந்தை இனங்களின் இருப்பிடத்தைப் பொதுப்பார்வையில் மறைத்துவிடுகிறது. ஒரு ஆந்தை உட்கார்ந்திருக்கும் இடம் பரவினால் அரை மணி நேரத்தில் இருபது கார் நிற்கும், அத்தனை பேரின் பேச்சுக்கும் கதவு சாத்தும் சத்தத்துக்கும் நடுவில் அது பனிக்கடியில் எலி கேட்டாக வேண்டும். சாலைப் பெயர் வரை சொல்வதில் தப்பில்லை, மரம் வரை சொல்லாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

போகிறவர்களுக்கு நடைமுறை விஷயங்கள் கொஞ்சம். ஆந்தைக்கு விடிகாலையும் அந்தி நேரமும். மேகமூட்டமான நாளில் பகலிலும் வேட்டையாடும். மணிக்கு 15, 20 மைலில் ஓட்டிக்கொண்டே மர நுனிகளைப் பாருங்கள், உடைந்த கட்டைபோல் ஒன்று தெரிந்தால் இன்னொரு தடவை பாருங்கள். காரை ரொம்ப ஓரங்கட்டாதீர்கள், ஓரம் என்று தெரிவது பனி மூடிய அந்தப் பழைய கால்வாயாக இருக்கும், இழுவை வண்டி வர மணிக்கணக்காகும். பல இடங்களில் செல்போன் சிக்னலும் நம்ப முடியாது. காருக்குள் உட்கார்ந்து பார்ப்பதே பறவைக்கும் நமக்கும் சௌகரியம். ஹீட்டரை மட்டும் அணைத்துவிடுங்கள், திறந்த ஜன்னல் வழியே வெளியேறும் சூட்டில் பைனாகுலர் பிம்பம் அலையடிக்கும். நவம்பர் மான் வேட்டைக் காலத்தில் போனால் ஆரஞ்சு மேலங்கி அவசியம். வயல்கள் பெரும்பாலும் தனியார் சொத்து, வேலி இல்லை என்பதற்காக இறங்கி நடக்கக்கூடாது.

குளிர் ஒத்துக்கொள்ளாதவர்கள் செப்டம்பர் நடுவில் டுலூத்தின் ஹாக் ரிட்ஜுக்குப் போகலாம். சுப்பீரியர் ஏரி கடல்போல் குறுக்கே கிடக்கிறது, தண்ணீருக்கு மேல் எழும்பும் வெப்பக்காற்று இல்லாததால் பருந்துகள் ஏரியைக் கடக்காமல் கரையோரமாகவே தென்மேற்கே ஒதுங்கி, அந்தக் குன்றுக்கு மேல் வந்து குவிகின்றன. 1972 முதல் அங்கே எண்ணுகிறார்கள். 2003 செப்டம்பர் 15 அன்று ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அகலச்சிறகுப் பருந்துகள் கடந்தன. தரையில் நின்று கழுத்தை அண்ணாந்தால் போதும், பனிச்சப்பாத்து வேண்டாம்.

சதுப்புக்கே திரும்பி வருவதென்றால் ஏப்ரல் கடைசியில் வாருங்கள், கூர்வால் கிரவுஸ் கோழிகள் விடியும் முன் வயலில் கூடிச் சிறகை விரித்துக் காலைத் தட்டி ஆடும். அதற்கும் திறந்த புல்வெளி வேண்டும், அந்த வெளிகளில் புதரும் மரமும் ஏறிக்கொண்டே வருவதால் ஆடும் இடங்கள் குறைந்துவருகின்றன. ஜூனில் வந்தால் கனெக்டிகட் வார்ப்ளர் என்ற சிறு பறவை ஸ்ப்ரூஸ் காட்டுக்குள்ளிருந்து உரக்கப் பாடும். பார்ப்பது கஷ்டம், கேட்டால் பட்டியலில் போட்டுக்கொள்ளலாம். கொசுவலைத் தொப்பி கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், மருந்து மட்டும் தடவிக்கொண்டு சமாளித்துவிடலாம் என்று போனவர்கள் பத்து நிமிடத்தில் காருக்குள் ஏறிவிடுவார்கள்.